ரிட்டர்ன் போட்டா காசு வருமா?



ஆகஸ்ட் பிறந்தா போதும், என் போனுக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சுடும். "சார், ரிட்டர்ன் போட்டு ஒரு மாசம் ஆச்சு, இன்னும் ரிட்டர்ன் வரல." ஒரே வரியில ரெண்டு ரிட்டர்ன். முதல்ல சொன்னது நாம வருமான வரித்துறைக்குக் கொடுக்கிறது. ரெண்டாவதா சொன்னது, நாம கூடுதலா கட்டிய வரியை அவங்க நமக்குத் திருப்பித் தர்றது. அதுக்கு ரீஃபண்ட்னு தனிப் பேரே இருக்கு.

பேச்சுல ஒரு வார்த்தை மாறினா என்ன குடி முழுகிடப் போகுதுன்னு தோணும். ஆனா இந்த ஒரு குழப்பத்தை முதலீடா வெச்சே ஊருக்கு ஊர் ஒரு தொழில் நடக்குது. அதில் மாட்டுறவங்கள்ல நிறைய பேர் உங்க வயசுக்காரங்க. வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம், மாசம் அறுபதாயிரம் எழுபதாயிரம் சம்பளம். அதனால இந்த வாரம் ஃபண்ட், ஷேர் எதுவும் கிடையாது. 'ரிட்டர்ன்'ங்கிற ஒரு வார்த்தையைப் பத்தி மட்டும் பேசலாம்.

எனக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகா, அரும்பாவூர் பக்கம். மலேசியா, சிங்கப்பூர்னு போய் சம்பாதிச்சவங்க இல்லாத தெருவை எங்க ஊர்ல தேடித்தான் பார்க்கணும். அதனால எனக்குச் சின்ன வயசுல தெரிஞ்ச முதல் ரிட்டர்ன், ரிட்டர்ன் டிக்கெட்தான். டூரிஸ்ட் விசாவுல போறவங்க கையில அது கட்டாயம் இருக்கணும். இமிக்ரேஷன் அதிகாரி கேட்டா காட்டணும். 'நான் சுத்திப் பார்க்கத்தான் வந்திருக்கேன், இந்தத் தேதியில திரும்பிப் போயிடுவேன்'னு எழுத்துல கொடுக்கிற மாதிரி அது. திரும்பி வர்ற எண்ணமே இல்லாதவங்களுக்கும் ஏஜெண்ட் ஒரு டிக்கெட் போட்டுக் கொடுத்துடுவார். அங்கே போய் இறங்கினதும் அது கேன்சல். ஏஜெண்டுக்குக் கமிஷன் வந்துடும். ஆனா அந்தத் தேதி தாண்டின பிறகு ஒவ்வொரு நாளும் போலீஸைப் பார்த்துப் பயந்தது டிக்கெட்ல பேர் இருந்தவர்தான். 2019-ல் மலேசிய அரசு 'பேக் ஃபார் குட்'னு ஒரு திட்டம் கொண்டு வந்து, அனுமதி இல்லாமத் தங்கியிருந்தவங்க 700 ரிங்கிட் அபராதம் கட்டிட்டு, சொந்தச் செலவுல டிக்கெட் வாங்கி ஊருக்குக் கிளம்பலாம்னு சொன்னது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஐந்தே மாசம்தான் அவகாசம்.

இதை ஏன் சொல்றேன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

இந்த வார்த்தையை நாம எங்கெல்லாம் பயன்படுத்துறோம்னு பாருங்க. சென்னைக்கு லோடு ஏத்திட்டுப் போன லாரிக்குத் திரும்பும்போது கிடைக்கிறது ரிட்டர்ன் லோடு. கல்யாணத்துல தாம்பூலப் பைக்கு இப்ப ரிட்டர்ன் கிஃப்ட்னு பேரு. கணக்குல பணம் இல்லாம இஎம்ஐ எடுக்க முடியலைன்னா அது பேங்க் பாஷையில ரிட்டர்ன், அதுக்கு அபராதம் தனி. ஆன்லைன்ல வாங்கின சட்டை சைஸ் சரியில்லைன்னா ரிட்டர்ன். எல்லாத்துலயும் 'திரும்பி வர்றது'ங்கிற அர்த்தம்தான் ஓடுது. அதனால இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்னு காதுல விழுந்த உடனே, இன்கம் டாக்ஸ் திரும்பி வரப்போகுதுன்னு மனசு தானாவே கணக்குப் போட்டுடுது. யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனா வரிச் சட்டத்துல இருக்கிற ரிட்டர்ன் வேற குடும்பத்தைச் சேர்ந்தது. அதோட சொந்தக்காரர் ஒருத்தர் நமக்கு நல்லாத் தெரிஞ்சவர்: தேர்தல்ல வர்ற ரிட்டர்னிங் ஆபீசர். தமிழ்ல தேர்தல் நடத்தும் அலுவலர்னு சொல்றோம். அவர் எதைத் திருப்பித் தர்றார்? இங்கிலாந்துல அந்தக் காலத்துல, 'உங்க பகுதிக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்க'ன்னு அரசாங்கம் ஒரு ஆணை அனுப்பும். அங்கே இருக்கிற அதிகாரி தேர்தலை நடத்தி, ஜெயிச்சவர் பேரை எழுதி, ஆணையோட சேர்த்துத் திருப்பி அனுப்பணும். அந்தப் பதிலுக்குத்தான் ரிட்டர்ன்னு பேரு. மேலிடம் கேட்டதுக்குக் கீழே இருந்து எழுத்துல போற அதிகாரப்பூர்வமான பதில். இந்தியாவுல 1860-ல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டு வந்தப்போ, ஆங்கிலேயர்களோட நிர்வாகப் பழக்கங்களும் கூடவே வந்துடுச்சு. 'உன் வருமானம் எவ்வளவு?'ன்னு அரசு கேட்குது. நாம சொல்ற பதில்தான் ரிட்டர்ன். அதுல பணம் திரும்பி வர்றதுங்கிற பேச்சே கிடையாது.

இதே விஷயம் நம்ம ஊர்ல வேற பேர்ல நடக்கிறது. வருஷா வருஷம் தாலுகா ஆபீசுல ஜமாபந்தி நடக்கும். விஏஓ அந்தப் பசலிக்கான கிராமக் கணக்குப் புத்தகங்களை எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போய் அதிகாரி முன்னாடி வைப்பார். எந்த சர்வே நம்பர்ல என்ன பயிர், எவ்வளவு வரி வசூல்னு அதிகாரி சரிபார்ப்பார். கணக்கைக் கொண்டு போய் வெச்சதுக்காக விஏஓவுக்குப் பணம் வரும்னு யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. உங்க ஐடிஆர் உங்க சம்பளத்துக்கான ஜமாபந்தி, அவ்வளவுதான். 'வருமான வரிக் கணக்கு தாக்கல்'னு செய்தித்தாள்ல போடுறாங்களே, அது என்னைக் கேட்டா ஆங்கிலத்தை விடத் தெளிவான பேரு. வேட்புமனுவைத் தாக்கல் பண்றோம், கோர்ட்டுல மனு தாக்கல் பண்றோம். தாக்கல்னு சொன்னாலே, சொல்றதுக்கு நாமதான் பொறுப்புங்கிறது அதுலயே இருக்கு. நாம என்னடான்னா அந்த நல்ல வார்த்தையைப் பேப்பர்லயே விட்டுட்டு ரிட்டர்ன்னே பேசிட்டு இருக்கோம்.

இப்ப அந்தத் தொழிலுக்கு வருவோம்.

"உங்க கம்பெனி டிடிஎஸ் எவ்வளவு பிடிச்சாங்க? ஐம்பதாயிரமா? முழுசா வாங்கித் தர்றேன். வர்றதுல எனக்குப் பத்து பர்சென்ட்." வாட்ஸ்அப்ல ஃபார்வர்டா வரும். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் "எனக்கு வந்துச்சு மச்சான்"னு சாட்சி சொல்வார். ஃபார்ம் 16-ஐயும் பாஸ்வேர்டையும் கொடுத்தா போதும். மூணு வாரத்துல பணமும் வந்துடும். வர்றதுதான் பிரச்சினையே. வரலைன்னா அந்த ஏஜெண்டை அடுத்த வருஷம் யாரும் நம்ப மாட்டாங்க.

எப்படி வருதுன்னு ஒரு உதாரணம் பார்ப்போம். பழைய வரி முறையில இருக்கிற ஒருத்தருக்கு வருஷச் சம்பளம் 9 லட்சம். நிலைக்கழிவு 50,000, 80சி-ல 1,50,000 போனா மிச்சம் 7 லட்சம். அதுக்கு வரி, செஸ் சேர்த்து 54,600 ரூபாய். கம்பெனி அதைச் சரியாப் பிடிச்சுக் கட்டிடுச்சு. ஏஜெண்ட் உள்ளே போய் 80ஜிஜிசி-ல, அதாவது அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததா, 2 லட்சம்னு ஒரு எண்ணைத் தட்டுறார். வருமானம் 5 லட்சமா இறங்குது. 5 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கிறதால வரி பூஜ்யம். 54,600 அப்படியே ரீஃபண்ட். ஏஜெண்டுக்கு 5,460. இவர் எந்தக் கட்சிக்கும் நூறு ரூபாய் கூடக் கொடுத்தவர் இல்லை. சிலருக்குக் கட்சி பேரே தெரியாது. நன்கொடைக்குப் பதிலா வாடகை, எடுக்காத கல்விக் கடனுக்கு வட்டி, வீட்டுல யாருக்கும் இல்லாத ஊனத்துக்குக் கழிவுன்னு ஆளுக்கு ஆள் மாறும்.

என்கிட்ட வர்றவங்க இதை "ஒரு அட்ஜஸ்ட்மெண்ட்"னு சொல்றாங்க. சட்டத்துல இதுக்குப் பேரு தவறான தகவல் கொடுத்தல். பிரிவு 270ஏ-ன்படி ஏய்க்கப் பார்த்த வரியைப் போல 200 சதவீதம் அபராதம். நம்ம உதாரணத்துல 54,600-ஐத் திருப்பிக் கட்டணும், மேல 1,09,200 அபராதம். மொத்தம் 1,63,800, வட்டி தனி. ஏஜெண்டுக்குக் கொடுத்த 5,460-ஐயும் யாரும் திருப்பித் தரப் போறதில்லை. பொய்யான உறுதிமொழி கொடுத்ததுக்கு வழக்குப் போடுற பிரிவும் தனியா இருக்கு.

இதெல்லாம் சும்மா பயமுறுத்தறதுக்குச் சொல்றதுன்னு நினைச்சா, 2025 ஜூலை 14-ம் தேதி வருமான வரித்துறை என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. பொய்யான கழிவுகளைப் போட்டுக் கொடுக்கிற ஆட்களைக் குறிவெச்சு நாடு முழுக்க ஒரே நேரத்துல சோதனை. தமிழ்நாடும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. அன்னைக்கு வந்த அறிக்கையிலேயே, அதுக்கு முந்தைய நாலு மாசத்துல சுமார் 40,000 பேர் தாங்களாவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கியிருக்காங்கன்னு சொல்லியிருந்தாங்க. அதுல இன்னொரு தகவல்தான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. இந்த ஏஜெண்டுகள் தாக்கல் பண்றதுக்குன்னே தற்காலிகமா இமெயில் ஐடிகளை உருவாக்கி, வேலை முடிஞ்சதும் விட்டுடுறாங்களாம். துறையிலிருந்து நோட்டீஸ் வந்தா அந்த இமெயிலுக்குத்தான் போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. பதில் போகாது. கேட்டதுக்குப் பதில் சொல்றதுதான் ரிட்டர்ன்னு மேலே பார்த்தோமே, இங்கே கேள்வி கேட்டதே உங்க காதுக்கு வரல.

அந்த ரிட்டர்ன் டிக்கெட் கதையும் இதுவும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. எழுதினது ஒருத்தர், அதுல இருக்கிற பேரு இன்னொருத்தருடையது. வெளிநாட்டுக்குப் போனவங்களுக்காவது பொய் டிக்கெட்னு தெரிஞ்சே இருந்தது. இங்கே பாதிப் பேருக்கு அதுவும் தெரியல. "சார், ஆடிட்டர் போட்டார், எனக்கு ஒண்ணும் தெரியாது"ங்கிறாங்க. முதல்ல, அவர்ல பல பேர் ஆடிட்டரே கிடையாது. ஒரு லேப்டாப் இருந்தா போதும், நம்ம ஊர்ல எல்லாரும் ஆடிட்டர்தான். ரெண்டாவது, ஓடிபி சொன்னது நீங்க. அந்த ஓடிபிதான் உங்க கையெழுத்து.

ஏற்கெனவே இப்படிப் போட்டிருந்தா என்ன பண்றது? இதுதான் முக்கியமான கேள்வி. அந்த மதிப்பீட்டு ஆண்டு முடியறதுக்குள்ள திருத்திய ரிட்டர்ன் போட அவகாசம் இன்னும் இருந்தா, உடனே போட்டு பொய்க் கழிவை எடுத்துடுங்க. அந்த அவகாசம் தாண்டிடுச்சுன்னா ஐடிஆர்-யூ இருக்கு. மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சதிலிருந்து 48 மாசம் வரை போடலாம். முதல் 12 மாசத்துக்குள்ள போட்டா வரியும் வட்டியும் சேர்ந்த தொகை மேல 25 சதவீதம் கூடுதல், அடுத்த 12 மாசத்துல 50, பிறகு 60, கடைசி வருஷம் 70. தள்ளித் தள்ளிப் போனா விலை ஏறிட்டே போகும். உதாரணத்துல சொன்னவர் முதல் வருஷமே போட்டா, 54,600-உம் வட்டியும், அதுல கால் பங்கும். ஏறக்குறைய எழுபதாயிரத்துச் சொச்சத்துல முடிச்சுடலாம். 1,63,800 எங்கே, இது எங்கே. ஆனா ஒரு நிபந்தனை: உங்க அந்த வருஷக் கணக்கைத் துறை விசாரணைக்கு எடுத்துட்டா இந்தக் கதவு பொதுவா மூடிடும். மலேசியாவுல ஐந்து மாசம் திறந்திருந்த கதவு மாதிரிதான் இதுவும்.

இதுக்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் இருக்கு. "புது முறையில 12 லட்சம் வரை வரியே இல்லையே, எனக்கு வரப்போறதும் ஒண்ணுமில்ல, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்?"னு கேட்கிறாங்க. இதுவும் அதே வார்த்தைக் குழப்பத்தோட மறுபக்கம்தான். பணம் வந்தா ரிட்டர்ன், வரலைன்னா தேவையில்லைன்னு நினைக்கிறாங்க. 2025-26 நிதியாண்டுக்குப் புது முறையில அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம்தான். 12 லட்சம் வரைக்கும் வரி வராததுக்குக் காரணம் தள்ளுபடி. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினா வரி பூஜ்யமா இருந்தாலும் கணக்கு தாக்கல் பண்ணணும். வெள்ளாமையே இல்லாத வருஷமும் ஜமாபந்திக்குக் கணக்குப் போகத்தானே வேணும்? தாக்கல் பண்ணின 30 நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ண மறக்காதீங்க. இல்லைன்னா போட்டது போட்டதாவே எடுத்துக்க மாட்டாங்க. 2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிடுச்சு, ஆனா ரிட்டர்ன்ங்கிற பேரு மட்டும் அசையல.

எங்க ஊர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. உங்க அப்பாவோ மாமாவோ மலேசியாவிலிருந்து மொத்தமாத் திரும்பி வந்துட்டாங்கன்னா, அதுவும் ஒரு ரிட்டர்ன்தான். பல வருஷம் அங்கே இருந்தவங்களுக்கு வந்த புதுசுல ரெண்டு மூணு வருஷம் வரிச் சட்டம் சலுகை கொடுக்குது. அது முடிஞ்ச பிறகு, அங்கே ஒரு பேங்க் அக்கவுண்ட் திறந்தே இருந்தாலும், அதுல நூறு ரிங்கிட்தான் கிடந்தாலும், அதைக் கணக்குல காட்டணும். வரி வரம்புக்குக் கீழே வருமானம் இருந்தாலும் தாக்கல் பண்ணணும். ஐடிஆர் 1 செல்லாது. மறைச்சா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து, வீடு நிலம் தவிர்த்த சொத்துகள் மொத்தமா 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லைன்னு தளர்த்தியிருக்காங்க. அபராதம்தான் இல்லை, காட்டவே வேணாம்னு அர்த்தமில்லை. பேங்க் விவரங்களை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு வருஷா வருஷம் அனுப்பிக்கிற ஏற்பாட்டுல இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் மூணுமே இருக்கு.

முதலீட்டு ரிட்டர்ன் பத்திச் சொல்லாம விட்டா கமெண்ட்ல திட்டுவீங்க. அங்கே 'திரும்பி வர்றது' சரியான அர்த்தம்தான். ஆனா திரும்பி வர்றது அசலா, லாபமான்னு கேட்கணும். ஆருத்ரா கோல்டு விவகாரம் ஞாபகம் இருக்கும். மாசம் 25, 30 சதவீதம்னு சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட 2,438 கோடி ரூபாய் வாங்கினதா 2022-ல் வெளியே வந்த வழக்கு. ஒரு லட்சம் போட்டவருக்கு மாசம் 30,000 வந்தா, மூணு மாசத்துல 90,000. "ரிட்டர்ன் சூப்பர்"னு அவர் பத்துப் பேரைக் கூட்டிட்டு வருவார். உண்மையில அதுவரைக்கும் அவர் கைக்கு வந்தது அவர் போட்ட பணம்தான், அதுலயும் பத்தாயிரம் பாக்கி. மொய் எழுதினவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும். நாம வெச்ச ஆயிரம் நமக்கு ஆயிரமாத் திரும்பி வந்தா அதை யாரும் சம்பாத்தியம்னு சொல்ல மாட்டாங்க.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சொல்ற ரிட்டர்ன் நேர்மையானதுதான், ஆனா மெதுவானது. வருஷம் ஒரு லட்சம் வீதம் பத்து வருஷம் கட்டி, இருபதாவது வருஷ முடிவுல 20 லட்சம் வாங்கினா "டபுள் ரிட்டர்ன்"னு சொல்வாங்க. கணக்குப் போட்டா வருஷத்துக்குச் சுமார் நாலரை சதவீதம். பத்து வருஷம் வரைக்கும் பூட்டி வைக்கிற எந்த ஸ்கீமா இருந்தாலும் 'மொத்தம் எவ்வளவு'ன்னு கேட்காதீங்க, 'வருஷத்துக்கு எவ்வளவு'ன்னு கேளுங்க. ஏஜெண்ட் முகம் மாறுறதை வெச்சே பாதி பதில் தெரிஞ்சுடும்.

சரி, இன்னைக்கு ராத்திரியே பண்ண வேண்டியது. வருமான வரி போர்ட்டல்ல உங்க பான் நம்பரைப் போட்டு நீங்களே உள்ளே போங்க. புரொஃபைல்ல இருக்கிற இமெயிலும் போன் நம்பரும் உங்களுடையதுதானான்னு பாருங்க. பிறகு முன்னாடி தாக்கல் பண்ணின வருஷங்களைத் திறந்து, அக்நாலட்ஜ்மெண்ட் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்காம, முழுப் படிவத்தையும் டவுன்லோட் பண்ணுங்க. அந்த ஒரு பக்கத்துல எந்தக் கழிவுக்கு எவ்வளவுன்னு இருக்காது. முழுப் படிவத்துல ஒவ்வொரு வரியா இருக்கும். நீங்க கொடுக்காத நன்கொடை, எடுக்காத கடன், கட்டாத வாடகை ஏதாவது கண்ணுல படுதான்னு பாருங்க. கடைசியில உறுதிமொழி ஒண்ணு இருக்கும், அதுல உங்க பேரும் அப்பா பேரும் இருக்கும். ஏஜெண்ட் பேரு இருக்கான்னும் தேடிப் பாருங்க.

ஏஐஎஸ் அறிக்கையை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல போடுறேன். உங்க படிவத்துல ஏதாவது இடறினா, பான் நம்பரைக் கமெண்ட்ல போடாம, எந்த வருஷம், எந்தப் பிரிவுன்னு மட்டும் எழுதுங்க.